பால் ஒவ்வாமை உள்ள மகளுக்கு எந்த கிரீமர் கொடுக்கலாம்?

வணக்கம். என் மகளுக்குப் பால் புரத ஒவ்வாமை. 'நான்-டெய்ரி' (Non-dairy, அதாவது பால் சேராதது) என்று போட்டிருந்ததை நம்பி, பாலுக்குப் பதிலாகக் கலக்கும் ஒரு கிரீமர் பொடியை டீயில் கலந்து கொடுத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. மருத்துவரிடம் ஓடினோம், இப்போது பரவாயில்லை.

அப்புறம்தான் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். குளுக்கோஸ் சிரப், ஹைட்ரஜனேற்றம் செய்த பாமாயில், கட்டி பிடிக்காமல் இருக்க சிலிக்கான் டை ஆக்சைடு, நடுவில் சோடியம் கேசினேட். அது பாலிலிருந்தே எடுக்கும் புரதம்! லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதனால் பெரும்பாலும் தொல்லை இல்லை. என் மகளுக்கு ஆபத்து. முன்பக்கத்திலேயே பெரிதாகப் போட வேண்டாமா?

கேசினேட் இல்லாத பொடி யாராவது பயன்படுத்துகிறீர்களா? தேங்காய்ப்பால் ஊற்றினால் டீ திரிந்துபோகிறது. அதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.