காலையில் முடக்கம், மதியம் ஓட்டம்: இத்தனை லீவை எப்படிச் சமாளிக்கிறீங்க?

ஒன்பது வயசுக்காரியின் அம்மா:

வணக்கம். என் மகளுக்கு ரெண்டு வருஷமா ஜே.ஐ.ஏ., அதாவது சின்னப் பிள்ளைகளுக்கு வர்ற மூட்டுவாதம். இந்தக் கல்வியாண்டுல இதுவரைக்கும் 23 நாள் லீவு போட்டாச்சு.

காலையில எழுந்ததும் முழங்கால், மணிக்கட்டு, விரல் எல்லாம் இறுகிக் கிடக்கும். பல் தேய்க்கிற பிரஷ்ஷை விரலால பிடிக்க வராது. ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, பிரஷ்ஷை அசைக்காம தலையை அசைச்சுத் தேய்ப்பா. வெந்நீர் ஊத்தி, மெதுவா மடக்கி நீட்டிவிட்டா ஒன்றரை மணி நேரத்துல இளகும். அதுக்குள்ள பள்ளிக்கூடத்துல மணி அடிச்சிருக்கும். சரி, இனிமே எங்கே போறதுன்னு வீட்டுலயே வெச்சுக்குவேன். மதியம் பார்த்தா படியில குதிச்சு இறங்கிட்டிருப்பா.

திங்கட்கிழமை போறதே இல்ல. வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட்னு மூட்டு அழற்சியைக் குறைக்கிற ஊசி, ஞாயிறு ராத்திரி போடுறோம். மறுநாள் முழுக்கக் குமட்டல். இப்பல்லாம் அந்த மஞ்சள் மருந்தைக் கண்ணால பார்த்தாலே ஓங்கரிக்கிறா.

போன வாரம் விளையாட்டு நேரத்துல இவ ஓடினதைப் பார்த்து, ஒரு டீச்சர் எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும், "நேத்து நடக்கவே முடியலைன்னு லெட்டர் வந்துச்சு, இன்னிக்கு ஓடுறே?"ன்னு கேட்டுட்டாங்க. அன்னிக்கு ராத்திரி என் பக்கத்துல படுத்துக்கிட்டு, "அம்மா, எனக்கு வலிச்சது நிஜம்தானே?"ன்னு கேட்டா. அதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. உங்க வீட்டுல இதையெல்லாம் எப்படிப் பார்த்துக்கிறீங்க?

நெஃப்ரோட்டிக் பையனின் அப்பா:

சகோதரி, முதல்ல அந்த ஊசி நாள். வார லீவுக்கு முந்தின ராத்திரிக்கு மாத்த முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா மாத்தாதீங்க. ஃபோலிக் ஆசிட்ங்கிற வைட்டமின், குமட்டலுக்கான மாத்திரை பத்தியும் சேர்த்துக் கேளுங்க.

என் பையனுக்குச் சிறுநீர்ல புரதம் போற நோய். தினமும் காலையில சிறுநீர்ல பரிசோதனைப் பட்டையை நனைச்சு நிறம் மாறுதான்னு பார்க்கணும். 3 நாள் தொடர்ந்து 3+, அதாவது புரதம் ரொம்ப அதிகம்னு காட்டினா நோய் திரும்பிடுச்சுன்னு அர்த்தம், ஸ்டீராய்டு ஏறும். அதைக் குறிக்கிற நோட்டுலயே பள்ளிக்கூடம் போகாத நாளையும் காரணத்தோட எழுத ஆரம்பிச்சேன்: நோய், ஆஸ்பத்திரி, களைப்பு, பயம். மூணு மாசம் கழிச்சுப் புரட்டினா பாதிக்குப் பாதி ஆஸ்பத்திரி நாள்தான்! ஒரு நாள் ரத்தம் குடுக்க, ஒரு நாள் ரிசல்ட் வாங்க, இன்னொரு நாள் டாக்டரைப் பார்க்க. கேட்டுக் கேட்டு எல்லாத்தையும் ஒரே நாளுக்குக் கொண்டுவந்தோம். உங்க பொண்ணுக்கு 3 மாசத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனையும் சொல்லியிருப்பாங்களே, அதையும் கூடவே சேர்த்துப் பாருங்க. அதை மட்டும் தள்ளிப்போட்டுடாதீங்க. கண்ணுல வர்ற அழற்சி வலியே இல்லாம வரும்.

அந்தப் பயம்ங்கிற நாளுங்க இருக்கே, அது எனக்கு நோட்டு போடாம தெரிஞ்சிருக்காது. பத்து நாள் கழிச்சுத் திரும்பிப் போற அன்னிக்குக் காலையில வயிறு வலிக்குதும்பான். பட்டை சுத்தமா இருக்கும்.

கணக்கு டீச்சர்:

அம்மா, 18 வருஷமா வகுப்பு எடுக்கிறேன். அந்தக் கேள்வியைப் போல ஒண்ணை நானும் ஒரு பிள்ளைகிட்ட கேட்டிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. நோயோட பேரை எழுதின சான்றிதழ் எங்களுக்கு எதையும் புரிய வைக்காது. அசையாம இருந்தா மூட்டு இறுகும், அசைய அசைய இளகும், அதனால காலையில முடியாதவ மதியம் ஓடலாம், அதுதான் இந்த நோயோட இயல்பு. டாக்டர்கிட்ட இந்த நாலு வரியைக் கேட்டு வாங்கித் தலைமையாசிரியர்கிட்ட குடுங்க. பள்ளி நாட்கள்ல 10 சதவீதம் தவறினாலே பல இடங்கள்ல அடிக்கடி வராத பிள்ளைங்கன்னு தனிப் பட்டியல்ல ஏத்திடுவாங்க. 180 நாளுக்கு 18 நாள்தான். அந்தக் கணக்குக்கு நோயாளிப் பிள்ளையும் ஒண்ணு, ஊர் சுத்துற பிள்ளையும் ஒண்ணு.

அந்தக் கடிதத்தை வெச்சே தாமதமா வர அனுமதி கேளுங்க. ரெண்டாவது பீரியடுக்கு வந்தாக்கூட அது பள்ளிக்கூடம் வந்த நாள்தான். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கவும் விடச் சொல்லுங்க. கரும்பலகை அழிக்கிற வேலையைக் குடுத்தா யார் கண்ணுக்கும் அது வித்தியாசமாத் தெரியாது.

விட்டுப்போன நோட்டையெல்லாம் எழுத வைக்காதீங்க. அந்த விரலுக்கு அது தண்டனை. "நாளைக்கு நடத்தப்போற பாடம் புரிய எது தெரிஞ்சிருக்கணும்?"னு மட்டும் டீச்சருங்ககிட்ட கேளுங்க. பின்னம் தெரியாம தசமம் வராது, அதை உட்கார்ந்து சொல்லிக் குடுக்கணும். மத்த பல பாடத்துக்குப் போட்டோ எடுத்து ஒட்டினாப் போதும்.

இன்னொண்ணு, வகுப்புல யாருக்காவது அம்மை போட்டா அன்னிக்கே உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்க. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து எடுக்கிற பிள்ளை, உடனே டாக்டருக்குத் தெரியணும்.

இருபத்தாறு:

அக்கா, எனக்கு 7 வயசுல இதே நோய். பாடம் போனதை எப்படியோ பிடிச்சுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சுப் போனப்ப என் இடத்துல வேற பொண்ணு உட்கார்ந்திருந்தா. வாசல்லயே நின்னேன். ஏன்னா எங்கே உட்காரணும்னு தெரியல. அந்த நிமிஷம்தான் இன்னும் ஞாபகம் இருக்கு. அவ இடத்தை அப்படியே வெச்சிருக்கச் சொல்லுங்க. லீவு நாள்ல ஒரு தோழி சாயங்காலம் போன் பண்ணட்டும், வீட்டுப்பாடம் பத்தி இல்ல, யார் யாரோட சண்டை போட்டாங்கன்னு சொல்ல. நோயைப் பத்தி வகுப்புல பேசணுமா வேண்டாமான்னு அவளையே முடிவு பண்ண விடுங்க.

அவ கேட்டதுக்கு நிஜம்தான்னு சொன்னீங்கதானே? தினமும் சொல்லுங்க.

ஒன்பது வயசுக்காரியின் அம்மா (ஐந்து வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. ஊசி வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு மாறிடுச்சு, குமட்டல் இன்னும் இருக்கு. சிரிஞ்சைக் கைக்குட்டையால மூடித்தான் எடுத்துட்டு வர்றேன். இந்த அஞ்சு வாரத்துல 2 நாள்தான் லீவு. 9 நாள் தாமதமாப் போனா. முதல் நாள் பாதி வகுப்புல உள்ளே நுழைய மாட்டேன்னு என் புடவையைப் பிடிச்சுக்கிட்டா. ஜன்னலோர ரெண்டாவது பெஞ்சு காலியாத்தான் இருந்துச்சு. அவ தோழி அதுல தன் பையை வெச்சிருந்தா, இவளைப் பார்த்ததும் எடுத்துட்டா.