மேனேஜர் இன்டர்வியூ: ஆம்பூர், ராணிப்பேட்டை, வேலூர் பக்கம் மடக்கின கேள்விகள்

ஊருக்கு ஒருத்தரா, அவங்க பக்கத்து இன்டர்வியூவில் ஆளை மடக்கின கேள்வியைச் சொல்றாங்க.

ஆம்பூர், தையல் லைன்

ஷூ கம்பெனி, ஸ்டிச்சிங் மேனேஜர் போஸ்ட், ரெண்டாவது ரவுண்ட். ஹெச்.ஆர். பேச்செல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன். ஃபேக்டரி ஹெட் ஒரு தாளை முன்னாடி வைப்பார். ஆள் 40, ஷிப்ட் 480 நிமிஷம், ஒரு ஜோடி அப்பருக்கு (ஷூவோட மேல் பாகம்) எஸ்.ஏ.எம்., அதாவது தைக்க ஆகணும்னு கணக்குப் போட்ட நிமிஷம், 24, இப்போ வர்றது 500 ஜோடி. பையர் கேக்கறது 600. என்ன செய்வீங்க?

எஃபிஷியன்சியை எல்லாரும் சரியாத்தான் போடறாங்க. வேலை நிமிஷம் 500 × 24 = 12,000. கையில் இருக்கிற நிமிஷம் 40 × 480 = 19,200. வகுத்தா 62.5 சதவீதம் வருது, 600க்கு 75 வேணும். அதோட "பத்து ஆள் கூடக் கொடுங்க", இல்லேன்னா "லைன் முழுக்க ஓவர்டைம்"னு முடிச்சுடறாங்க. அங்கேதான் வேலை போகுது.

தாளோட பின்பக்கம் ஆபரேஷன் வாரியா நேரம் எழுதியிருக்கு. பைண்டிங் (ஓரத்தில் பட்டி வச்சுத் தைக்கிறது) 0.9 நிமிஷம், மெஷின் ஒண்ணே ஒண்ணு. 480ஐ 0.9ஆல வகுத்தா 533. அந்த மெஷின் அதுக்கு மேல தராது, லைன்ல 60 பேரை உட்கார வச்சாலும் 533தான். 600 ஜோடிக்கு 540 நிமிஷம் பைண்டிங் வேணும். ஒரே ஒரு மெஷினை ஒரு மணி நேரம் கூட ஓட்டினா போதும். நூல் அறுறது, ஊசி மாத்தறது எல்லாம் சேர்த்து, சேஃப்டிக்குக் கொஞ்சம் குறைச்சே 90 சதவீத நேரம்தான் மெஷின் ஓடும்னு வச்சுக்கிட்டா 600 நிமிஷம், அதாவது ரெண்டு மணி நேரம். பைண்டிங் முடிஞ்ச ஜோடியை இருப்பு வச்சா அடுத்த நாள் காலையில் பின்னாடி இருக்கிறவங்க காத்திருக்க மாட்டாங்க. ஒரு ஆளுக்கு இரட்டைச் சம்பளமா, நாற்பது பேருக்கா? பேனல் கேக்க நினைச்சது அதைத்தான். தயவுசெஞ்சு தாளைத் திருப்பிப் பாருங்க.

குடியாத்தம்

ஆம்பூர் அண்ணன் கணக்கு சரி. ஆனா மெஷின் மட்டும்தான் முட்டுதுன்னு நினைச்சா பாதி இன்டர்வியூதான் தாண்டுவீங்க. வைகாசி 1, கெங்கையம்மன் சிரசு திருவிழா. எங்க ஊர்ப் பக்கம் இருந்து வர்ற கம்பெனி பஸ் பாதி காலி. "நாலு லைன்லயும் ஒன்பது ஒன்பது பேர் வரல, எட்டே முக்காலுக்குள்ள என்ன பண்ணுவீங்க?" இது பேனல்ல வந்த கேள்வி. இன்டர்வியூக்கு வந்தவர் "சூப்பர்வைசரை விட்டு போன் போடச் சொல்வேன்"னார். பேனல்ல இருந்த அம்மா பேனாவை மூடி வச்சுட்டாங்க.

அவங்க எதிர்பார்த்தது இதான். நாலு லைனையும் குறை ஆளோட ஓட்டக் கூடாது. ஒரு லைன்ல ஸ்கைவிங் (தோல் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கிறது) ஆள் இல்லேன்னா மத்த முப்பது பேர் தைக்கிறதும் ஜோடியா முடியாது. ஒரு லைனை நிறுத்தி, அதில் வந்திருக்கிற 31 பேரை மத்த மூணு லைனுக்கும் பிரிச்சு விடணும். மூணு லைன்லயும் சேர்த்துக் காலி 27 இடம், நாலு பேர் மிச்சம். யாரை எங்கே போடறதுன்னு சொல்ல ஸ்கில் மேட்ரிக்ஸ் வேணும்: பக்கவாட்டில் ஆபரேஷன், கீழே பேர், யாருக்கு எது எந்த அளவு வரும். முக்கியமான ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் குறைஞ்சது மூணு பேராவது தேறணும். பஸ்ல எத்தனை தலைன்னு ஏறும்போதே எண்ணி வாங்கினா பஞ்ச் அடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். திருவிழா தேதி வருஷா வருஷம் தெரிஞ்சதுதான், அன்னைக்குச் சுலபமான ஸ்டைலை முன்னாடியே பிளான்ல போடலாம். திருவிழாவுக்குப் போற பொண்ணுங்களுக்கு லீவு கொடுக்கிறதுதான் நியாயமும்கூட.

ராணிப்பேட்டை

டேனரி (தோல் பதனிடற ஆலை) பக்கம் தாளெல்லாம் கிடையாது. மேஜையில் ஒரு தோல் துண்டு, பக்கத்தில் லேப் ரிப்போர்ட், குரோமியம் ஆறு (குரோமியத்தோட நச்சு வகை) 4.2. ஐரோப்பாவில் 2015 மே மாசத்தில் இருந்து கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் வரம்பு. "இன்னொரு லேப்ல டெஸ்ட் பண்ணலாம்"னு சொன்ன நிமிஷமே பேச்சு முடிஞ்சுது.

முதல்ல திருப்பிக் கேக்கணும்: இது ஏஜிங் பண்ணின, அதாவது சூட்டில் வச்சுப் பழசாக்கின சாம்பிளா? 80 டிகிரியில் 24 மணி நேரம் வச்சு டெஸ்ட் பண்ணும்போது மட்டும் ஏறுதுன்னா ஃபேட் லிக்கர் (தோலை மெத்துன்னு ஆக்கப் போடற எண்ணெய்) மேல சந்தேகம். மீன் எண்ணெய் மாதிரி சுலபமா ஆக்சிஜன் ஏத்துக்கிற எண்ணெய், பதனிடப் போட்ட குரோமியம் மூணை ஆறா மாத்தும். ஏஜிங் இல்லாமலே ஏறினா நியூட்ரலைசேஷன்ல (தோலில் இருக்கிற அமிலத்தைத் தணிக்கிற கட்டம்) பி.ஹெச். எகிறியிருக்கா, சாயம் போடற டையிங்ல அமோனியா போட்டாங்களான்னு பார்க்கணும். ரீடேனிங்ல (ரெண்டாம் தடவை பதனிடறது) மிமோசா, தாரா மாதிரி தாவர டேனின் சேர்த்து, கடைசி ஃபிக்சிங்கை பி.ஹெச். 4க்குக் கீழே முடிச்சா அடங்கும்.

அடுத்து, "ஈவாப்பரேட்டர் நின்னுபோச்சு, ஆர்.ஓ. ரிஜெக்ட் டேங்க் நிரம்புது." கழிவுநீரை ஆர்.ஓ.வில் வடிகட்டினப்புறம் மிஞ்சற உப்புத் தண்ணிதான் ரிஜெக்ட், அதை ஆவியாக்கறதுதான் ஈவாப்பரேட்டர்; அது நின்னா கழிவு போக இடமில்ல. 1996ல வேலூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட், கெடுத்தவனே ஈடு கொடுக்கணும்னு சொன்னது இந்தப் பாலாற்றங்கரை டேனரிகளைப் பத்தித்தான். அதனால இங்கே மேனேஜர் பதில் தடுமாறக் கூடாது. உப்புப் போட்ட பச்சைத்தோல் காத்திருக்கும், புது லாட்டை ஊற வைக்கிறதை உடனே நிறுத்தணும். ஏற்கெனவே ஊறினதும் சுண்ணாம்பில் இருக்கிறதும் அழுகிடும், நிறுத்த முடியாது. அதை மட்டும் வெட் புளூ (குரோமியத்தில் பதனிட்ட ஈரத் தோல்) வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தலாம்.

வேலூர், ஆஸ்பத்திரி நிர்வாகம்

எல்லாரும் தோலையே பேசறீங்க. இங்கே ஆபரேஷன்ஸ் மேனேஜருக்கு ஒரே கேள்வி: டாக்டர் காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம்னார், பெட் சாயங்காலம் அஞ்சுக்குத்தான் காலி. எங்கே போச்சு ஏழு மணி நேரம்? "ஸ்டாஃபைக் கூட்டணும்" பதில் இல்ல. டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து ரிட்டர்ன், பாக்கி லேப் ரிசல்ட், பில், இன்சூரன்ஸ் ஒப்புதல்னு துண்டு துண்டா நேரம் எழுதணும். இன்சூரன்ஸ் மூணு மணி நேரத்தில் கடைசி ஒப்புதல் தரணும்னு 2024லயே இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிடுச்சு. சம்மரியும் உத்தேச பில்லும் முந்தின நாள் சாயங்காலமே தயாரா இருந்தா, காலையில் வேண்டுகோளை உடனே அனுப்பலாம். வங்காளத்தில் இருந்து வந்தவங்களுக்கு மருந்துச் சீட்டை அவங்க மொழியில் விளக்க ஆள் வேணும். இல்லேன்னா பில் கட்டினப்புறமும் பெட் பக்கத்துலயே நிப்பாங்க.

வாலாஜா

கேள்விக்குப் பதில் சொல்லி ஜெயிச்சவங்க கடைசியில் சம்பளத்தில் தோக்கறாங்க. அதனால யாரும் கேக்காட்டியும் சொல்றேன். "சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி வருஷத்துக்குச் செலவழிக்கிற மொத்தம்) ஒன்பது லட்சம்"னதும் மனசுக்குள்ள 75,000ன்னு வகுத்துட்டுக் கை குலுக்கறாங்க. அங்கேயே ஒரு தாள் கேளுங்க.

பேசிக் பாதின்னா வருஷத்துக்கு 4,50,000. கம்பெனி கட்டற பி.எஃப். 12 சதவீதம், 54,000. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், 21,645. வேரியபிள் (டார்கெட் பார்த்துத் தர்ற பங்கு) பத்து சதவீதம், 90,000. இந்த மூணும் ஒன்பது லட்சத்துக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. கழிச்சா 7,34,355, மாசத்துக்கு 61,196. அதில் உங்க பங்கு பி.எஃப். 4,500 போனா 56,696. தொழில் வரியும் இன்சூரன்ஸ் பிடித்தமும் தனி. எழுபத்தஞ்சு எங்கே, அம்பத்தாறரை எங்கே? வேரியபிளைப் பிக்சடுல சேர்க்கச் சொல்லுங்க, முடியாதுன்னா எந்த எண்ணை வச்சுத் தருவாங்கன்னு ஆஃபர் லெட்டர்லயே எழுதி வாங்குங்க. நோட்டீஸ் பீரியட் ரெண்டு பக்கமும் ஒண்ணான்னும் பாருங்க. கம்பெனிக்கு ஒரு மாசம், உங்களுக்கு மூணு மாசம்னு இருக்கும்.

ஆம்பூர், தையல் லைன்

வாலாஜா சார், வேரியபிளைப் பிக்சடுல சேர்க்க இந்தப் பக்கம் சம்மதிக்க மாட்டாங்க, அதுக்கு மல்லுக்கட்ட வேண்டாம். எந்த எண்ணுங்கிறதுதான் முக்கியம். ஷிப்மென்ட் தேதியை வச்சு வேரியபிள்னா ஒத்துக்காதீங்க, தோல் லேட்டா வந்தா உங்க கையில் ஒண்ணுமில்ல. லைன் எஃபிஷியன்சியும் ரீவொர்க் சதவீதமும் வச்சுக் கேளுங்க. அதுலயும் தோல், மெஷின்ல மாட்டற அட்டாச்மென்ட், நூல் வராம லைன் நின்ன நிமிஷத்தைக் கழிச்சுட்டுத்தான் எஃபிஷியன்சி போடணும்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க.