புது வண்டியும் 2.35 மீட்டரும்

குரூப்: நம்ம வீட்டுச் சொந்தங்கள்

அண்ணன், 7:02
எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை வண்டி புக் பண்ணலாம்னு இருக்கேன். ஸ்கார்பியோ-என், 7 சீட்டு. அம்மாவுக்கு முட்டி வலி, உயரமான வண்டின்னா ஏறி இறங்க ஈசி. பொங்கலுக்கு கும்பகோணம் போனா எல்லாரும் ஒண்ணா போயிடலாம். ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லுங்க.

சித்தி, 7:05
நல்லது தம்பி 🙏 என்ன கலர்?

அக்கா, 7:11
கலர் இருக்கட்டும் சித்தி. தம்பி, உங்க அப்பார்ட்மென்ட் ஸ்டில்ட்ல, அதான் கீழ தூண்களுக்கு நடுவுல இருக்குற பார்க்கிங்ல, அந்த வண்டி நிக்குமான்னு பாத்தியா?

அண்ணன், 7:12
பிளான்ல நம்ம பார்க்கிங் 2.5 மீட்டர் × 5 மீட்டர்க்கா. வண்டி 4.66 மீட்டர் நீளம். தாராளமா நிக்கும்.

அக்கா, 7:20
பிளான்ல இருக்குற 2.5 தரையில இருக்காதுடா. தூணோட கனம் அதுலதான் கழியும். உன் இடத்துக்கு ஒரு பக்கம் காம்பவுண்ட் சுவர், இன்னொரு பக்கம் தூண். சுவர்லேர்ந்து தூண் முகம் வரைக்கும் டேப் பிடிச்சு அளந்து சொல்லு. தரையில ஒரு தடவை, மூணடி உயரத்துல ஒரு தடவை. மேல பூச்சு வெளிய தள்ளி இருக்கும், மழைத்தண்ணி பைப் வேற இறங்கும்.

அண்ணன், 7:34
கீழ 2.38. மூணடியில 2.35.

அக்கா, 7:41
அப்போ கணக்கு 2.35 தான். ஸ்கார்பியோ-என் அகலம் 1,917 மில்லிமீட்டர். மீதி 43 சென்டிமீட்டர். சுவர் பக்கம் கண்ணாடியை மடக்கினாலும் 15 விட்டுத்தான் ஆகணும், இல்லன்னா தினமும் உரசல். டிரைவர் பக்கம் மிஞ்சுறது 28 சென்டிமீட்டர். கதவோட கனமே அதுல பாதி. வண்டிய உள்ள விட்டுடலாம், நீ வெளிய வர முடியாது.

அண்ணி, 7:43
அக்கா, கேட்டலாக்ல போட்டிருக்குற அகலம் கண்ணாடியோட சேர்த்தா?

அக்கா, 7:44
இல்லம்மா. பெரும்பாலும் கண்ணாடி இல்லாத உடம்பு அகலம்தான் போடுவாங்க. ரெண்டு கண்ணாடியும் விரிஞ்சிருந்தா இன்னும் 20 சென்டிமீட்டருக்குக் குறையாம சேத்துக்கோ. கேட்டுக்குள்ள நுழையும்போது அந்தக் கணக்குதான் வேணும்.

ஒர்க்‌ஷாப் சித்தப்பா, 7:58
அக்கா சொல்றது முழுக்க சரி. நான் ஒண்ணு சேத்துக்கறேன். எல்லாரும் நீளத்தையே பாக்குறாங்க, தொந்தரவு குடுக்குறது அகலம். பழைய மாருதி 800 நீளம் 3,335 மில்லிமீட்டர், அகலம் 1,440. 2005ல வந்த ஸ்விஃப்ட் அகலம் 1,690, இப்போ வர்ற ஸ்விஃப்ட் 1,735. நெக்ஸான் 1,804. சுவரும் தூணும் தெருவும் அதே இடத்துல அப்படியே இருக்கு. எல்லாத்துலயும் உக்காருறது அதே அஞ்சு பேர்தான்.

நான், 8:01
சித்தப்பா, பிரெஸ்ஸா, நெக்ஸான் எல்லாமே 3,995 மில்லிமீட்டர் நீளம்னு போட்டிருக்காங்களே. அது எப்படி எல்லாம் ஒரே நீளம்?

பெரியப்பா, 8:15
அது வரிக் கணக்கும்மா. 2006 பட்ஜெட்ல சின்ன கார்னு ஒரு வரையறை வச்சு கலால் வரியைக் குறைச்சாங்க. 4 மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1,200 சிசி, டீசல்னா 1,500 சிசி. அந்தக் கோடு இன்னும் இருக்கு. 2025 செப்டம்பர் 22லேர்ந்து அதுக்குள்ள வர்ற வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினா 40. மின்சார வண்டிக்கு 5. அதனால கம்பெனிக்காரன் 4 மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் முன்னாடி நிறுத்திடுவான். ஆனா அந்த விதி அகலத்தை அளக்கல, உயரத்தை அளக்கல, எடையை அளக்கல. வண்டி அந்தப் பக்கமெல்லாம் வளந்துடுச்சு.

பெரியப்பா, 8:19
ஜப்பான்ல கெய் கார்னு ஒரு வகை. அங்க மூணையும் அளக்குறான்: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48, உயரம் 2.0, இன்ஜின் 660 சிசி. அகலத்துல போக வழியில்லாததால வண்டிய உயரமாக்கினாங்க. வேகன்ஆர் அப்படிப் பிறந்த வண்டிதான், 1993ல. நம்ம ஊருக்கு 1999ல வந்துச்சு, இங்க விக்கிறது கொஞ்சம் அகலம் கூட்டினது, 1,620. இன்னொண்ணு, அந்த நாட்டுப் பெரிய ஊர்கள்ல நிறுத்த இடம் இருக்குன்னு போலீஸ்கிட்ட சான்று வாங்கினாத்தான் காரைப் பதிவு பண்ண முடியும். இங்கயும் அப்படி வரணும்னு நான் மனசார விரும்பறேன். தெருவுல பாதி நிக்கிற வண்டிதானே.

அண்ணன், 8:24
பெரியப்பா எல்லாம் சரி. ஆனா பாதுகாப்பு? ஸ்கார்பியோ-என் குளோபல் என்கேப் மோதல் சோதனையில 5 ஸ்டார். வேகன்ஆர் 2023 டெஸ்ட்ல 1 ஸ்டார். குடும்பத்தை அதுல எப்படி ஏத்துறது?

ஒர்க்‌ஷாப் சித்தப்பா, 8:33
நல்ல கேள்வி. இதுல நான் வேகன்ஆருக்காக வாதாட மாட்டேன். ஸ்டார் வேணும்னா அதுக்குப் பெரிய வண்டிதான் வேணும்னு இல்ல. டாடா பஞ்ச் 2021ல 5 ஸ்டார், அகலம் 1,742. டியாகோ 2020ல 4 ஸ்டார், அகலம் 1,677. இந்த ரெண்டும் பழைய முறையில சோதிச்சது, இப்போ பாரத் என்கேப்னு நம்ம நாட்டுலயே 2023 அக்டோபர்லேர்ந்து சோதனை நடக்குது, வாங்கப் போற மாடலுக்கு அதுல என்ன வந்திருக்குன்னு பாத்துக்கோ. இன்னொரு விஷயம், ஸ்டாரை ஏறக்குறைய ஒரே எடையுள்ள வண்டிகளுக்குள்ளதான் ஒப்பிடணும். 2 டன் வண்டியும் 1 டன் வண்டியும் நேருக்கு நேர் மோதினா லேசான வண்டிக்குத்தான் அடி ஜாஸ்தி, அதை மறைக்கக் கூடாது.

ஒர்க்‌ஷாப் சித்தப்பா, 8:38
ஆனா உன் ஓட்டம் எங்க? மாம்பலம், தி.நகர், கோடம்பாக்கம். மணிக்கு 20, 25 கிலோமீட்டர். அங்க உன் முன்னாடி வர்றது லாரி இல்லப்பா, நடந்து போறவங்களும் சைக்கிளும் ஸ்கூல் பசங்களும்தான். பானெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல போனா, 30 அங்குலத்துக்குள்ள பானெட்டும் சாய்வான முகமும் இருக்குற வண்டியை விட, அடிபட்டவர் இறக்க வாய்ப்பு 45 சதவீதம் கூடுதல்னு அமெரிக்காவுல காப்பீட்டுக் கம்பெனிங்க நடத்துற சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2023ல சொல்லுச்சு. தாழ்ந்த பானெட்னா கால்ல பட்டு ஆள் மேல சாயுறான். உயர்ந்ததுன்னா நெஞ்சுல, தலையில படுது, கீழ தள்ளி மேல ஏறுது.

அண்ணி, 8:41
மாமா, பாப்பா வாசல்லயே விளையாடுறா. அதை நினைச்சாதான் பயமா இருக்கு.

ஒர்க்‌ஷாப் சித்தப்பா, 8:49
அதுக்கு ஒரு சோதனை இருக்கும்மா, ஷோரூம்லயே பண்ணலாம், வெட்கப்பட வேண்டாம். 20 லிட்டர் தண்ணி கேன் ஒண்ணு எடுத்துக்கோ, ஒன்றரை அடி உயரம் இருக்கும். வண்டி நின்ன இடத்துல, இன்ஜின் ஆஃப், ஹேண்ட் பிரேக் போட்டுட்டு டிரைவர் சீட்ல உன் வீட்டுக்காரர் உக்காரணும், சீட்டை அவர் ஓட்டுற உயரத்துக்கே வச்சு. கேனை பம்பரை ஒட்டி வை. அப்புறம் அரை அடி அரை அடியா முன்னாடி தள்ளிட்டே போ. கேனோட மூடி கண்ணுக்குத் தெரியும்போது அவர் கை தூக்கட்டும். பம்பர்லேர்ந்து அந்த இடம் வரைக்கும் டேப். இதையே இடது முன் மூலையிலயும் பண்ணு, அங்கதான் தூரம் ஜாஸ்தி வரும். கேன் பாப்பா உக்காந்து விளையாடுற உயரம். நீ அவளை நிக்க வச்சுப் பாக்காதே, கேனையே வச்சுப் பாரு. எந்த வண்டிய பாத்தாலும் ரெண்டையும் எழுதி வச்சுக்கோ.

அக்கா, 8:52
கேமரா இருக்கே சித்தப்பா?

ஒர்க்‌ஷாப் சித்தப்பா, 8:54
இருந்தா நல்லதுதான். மழையில சேறு படிஞ்சா படம் மங்கிடும். பின்னால கேமரா பல வண்டில குடுக்குறான், முன்னால பெரும்பாலும் விலை உயர்ந்த மாடல்ல மட்டும்தான்.

அண்ணன், 8:57
சரி. அம்மா முட்டிக்கு என்ன வழி?

அக்கா, 9:06
அதையும் அளக்கலாம். அம்மா செருப்போட நிக்கட்டும். தரையிலேர்ந்து முட்டி மடிப்பு வரைக்கும் ஒரு அளவு, தொடை பாதி வரைக்கும் ஒரு அளவு. வண்டி சீட்டோட ஓர விளிம்பு இந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்தா உக்காந்து காலைத் திருப்பி உள்ள வைக்கலாம். முட்டிக்குக் கீழ இருந்தா எந்திரிக்கும்போது வலிக்கும், பழைய செடான்ல நடக்குறது அது. தொடைக்கு மேல இருந்தா ஒரு காலைத் தூக்கி முழு எடையையும் அந்த முட்டியில வச்சு ஏறணும். ஏணிப்படி மாதிரி. முட்டி வலிக்காரங்களுக்கு அது ரொம்பக் கஷ்டம். புட் ஸ்டெப் போட்டாலும் இறங்கும்போது அதே கதை.

அக்கா, 9:08
வேகன்ஆர், பஞ்ச் மாதிரி வண்டி அம்மாவுக்கு அந்த நடு உயரத்துல வரும்னு நினைக்கிறேன். ஆனா அம்மாவை உக்கார வச்சுத்தான் பாக்கணும். பஞ்ச் கதவு 90 டிகிரி திறக்கும், கேட் வாசல்ல இறக்கிவிட ரொம்ப வசதி. ஸ்டில்ட் உள்ள அதால பயன் இல்ல, அங்க 90 டிகிரிக்கு இடமே கிடையாது.

அம்மா, 9:15
எனக்காக பெரிய வண்டி வேண்டாம்பா. கேட்டுகிட்ட இறக்கிவிட்டா போதும்.

அண்ணன், 9:17
அம்மா 🙏
அப்போ பஞ்ச் 1,742ன்னா ஸ்டில்ட்ல எவ்வளவு கிடைக்கும்க்கா?

அக்கா, 9:25
2.35லேர்ந்து அதைக் கழிச்சா 61 சென்டிமீட்டர். சுவருக்கு 15 போக 46. உடம்பைச் சாச்சு வெளிய வந்துடலாம். டியாகோன்னா 52, வேகன்ஆர்ன்னா 58. இன்னும் ஒரு வழி இருக்கு. தூண் உன் இடத்தோட வாசல்லேர்ந்து எத்தனை அடியில நிக்குதுன்னு பாத்து தரையில சாக்பீஸ்ல கோடு போடு. கார் வடிவத்தையும் பக்கத்துல வரைஞ்சு, டிரைவர் கதவு திறக்குற இடம் தூணுக்கு நேரா வருதா, முன் சக்கரம் நேரா வருதான்னு பாரு. சக்கரத்துக்கு நேரா வந்தா கவலை இல்ல, தூணைத் தாண்டி கதவுக்கு இடம் கிடைச்சிடும். நேரா நுழைச்சா சுவர் உன் வலது பக்கம் வருதுன்னா ரிவர்ஸ்ல விடு, சுவர் இடது பக்கம் போயிடும்.

அக்கா, 9:28
பின்கதவு மேல திறக்குற வண்டின்னா தலைக்கு மேல பாத்துக்கோ. ஸ்டில்ட்ல பீமுக்குக் கீழ கழிவுநீர் பைப் ஓடும். உயரமான வண்டியில கதவு திறந்தா 2 மீட்டரைத் தாண்டும், பைப் மூட்டுல இடிச்சா ஒழுக ஆரம்பிச்சிடும்.

நான், 9:31
தெருவுல திரும்புறதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா?

ஒர்க்‌ஷாப் சித்தப்பா, 9:37
திரும்பு ஆரம்னு போட்டிருப்பான். வேகன்ஆர் 4.7 மீட்டர், இன்னோவா கிரிஸ்டா 5.4, ஃபார்ச்சூனர் 5.8. பொதுவா அது சக்கரம் போற வட்டம். முன் மூக்கு அதுக்கு வெளிய அரை மீட்டர் வரைக்கும் வீசும். 12 அடி தெருவுல கேட்டுக்குள்ள திருப்பும்போது வேகன்ஆர் பெரும்பாலும் ஒரே வீச்சு, கிரிஸ்டா ரெண்டு மூணு முறை முன்ன பின்ன. அந்த நேரம் பின்னால நாலு பைக் ஹாரன்.

பெரியப்பா, 9:44
காசுக் கணக்கும் போட்டுடறேன். தமிழ்நாட்டுல ஆயுள் வரி 5லேர்ந்து 10 லட்சம் வண்டிக்கு 13 சதவீதம், 10லேர்ந்து 20 லட்சத்துக்கு 18. 9 லட்சம்னா 1.17 லட்சம், 16 லட்சம்னா 2.88 லட்சம். வித்தியாசம் 1.71 லட்சம். பெட்ரோல், சென்னைக்குள்ள ஸ்கார்பியோ-என்னோட 2 லிட்டர் டர்போ இன்ஜின் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் குடுக்கும், சின்ன வண்டியோட 1.2 லிட்டர் இன்ஜின் 13 குடுக்கும்னு வச்சா, வருஷம் 8,000 கிலோமீட்டருக்கு 889 லிட்டரும் 615 லிட்டரும். லிட்டர் 100 ரூபான்னா வருஷத்துக்கு 27,400 மிச்சம்.

ஒர்க்‌ஷாப் சித்தப்பா, 9:47
டயரையும் சேருங்கண்ணே. ஸ்கார்பியோ-என்னுக்கு 245/65 ஆர்17 டயர் ஒரு செட் போடுற காசுல சின்ன வண்டிக்கு ரெண்டு செட்டுக்குக் கிட்ட வரும். பிரேக் பேடும் அப்படித்தான், 2 டன்னை நிறுத்துற சூடு அதுமேல விழுது.

சித்தி, 9:52
அப்போ பொங்கலுக்கு ஏழு பேரும் எப்படிப் போறது?

ஒர்க்‌ஷாப் சித்தப்பா, 10:01
7 சீட்டுல ஏழு பேர் ஏறினா சாமானுக்கு இடம் எங்க? மூணாவது வரிசையை நிமிர்த்தினா டிரைபர்ல 84 லிட்டர், எர்டிகால 209. நடுத்தர சூட்கேஸ் ஒண்ணு 65, 70 லிட்டர் பிடிக்கும். எர்டிகால மூணு சூட்கேஸ், அவ்வளவுதான். ஸ்கார்பியோ-என்ல கைப்பைக்குத்தான் இடம். அப்புறம் கூரைமேல கேரியர். அதுல எவ்வளவு ஏத்தலாம்னு கையேட்டுல போட்டிருக்கும், பல வண்டில 50 கிலோதான். அரிசி மூட்டையை அங்க ஏத்தாதீங்க. வளைவுல சாயும்.

பெரியப்பா, 10:06
வருஷத்துல ரெண்டு பயணம். ஒண்ணுக்கு ரயில். முன்பதிவு இப்போ 60 நாள் முன்னாடிதான் திறக்கும், முன்ன 120 இருந்தது, 2024 நவம்பர்லேர்ந்து மாத்திட்டாங்க. பொங்கலுக்குக் கிளம்புற நாள்லேர்ந்து பின்னால எண்ணி, திறக்குற அன்னிக்கு காலைல 8 மணிக்குத் தயாரா இருக்கணும். இன்னொண்ணுக்கு மஞ்ச போர்டு இன்னோவா. கிலோமீட்டர் ரேட், டிரைவர் பேட்டா, டோல், ஒரு நாளைக்கு குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர்னு நாலையும் முதல்லயே எழுதி வாங்கிடுங்க. தெரிஞ்சவர் வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்குத் தர்றேன்னு சொன்னா வேண்டாம், ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கைவிரிச்சிடும்.

நான், 10:10
சின்ன மின்சார வண்டி? காமெட்?

ஒர்க்‌ஷாப் சித்தப்பா, 10:18
ஊருக்குள்ள ஓட்ட அருமையான அளவு. நீளம் 2,974, அகலம் 1,505, திரும்பு ஆரம் 4.2. பேட்டரி 17.3 யூனிட், ஏசியோட 150 சொச்சம் கிலோமீட்டர் எதிர்பார்க்கலாம். ஆனா ரெண்டே கதவு, பின் சீட்டுக்கு முன் சீட்டை மடக்கிப் போகணும், அம்மா முன்னாடிதான் உக்காரலாம். சாமான் இடமும் கிடையாது. வீட்டுல ரெண்டாவது வண்டியா இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம். சார்ஜுக்கு உங்க சொந்த மீட்டர்லேர்ந்து தனி லைன், 4 ஸ்கொயர் காப்பர் ஒயர், 16 ஆம்பியர் பிளக், மின்கசிவு வந்தா கரண்டை நிறுத்துற 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி, நல்ல எர்த். பொது மீட்டர்ல குத்தாதீங்க, அசோசியேஷன்ல சண்டை வரும்.

அண்ணன், 10:26
சரி. வெள்ளிக்கிழமை புக்கிங் நிறுத்தி வைக்கறேன். பஞ்ச், டியாகோ ரெண்டையும் பாத்துட்டு முடிவு பண்றேன். அக்கா, சனிக்கிழமை வர்றியா?

அக்கா, 10:28
காலைல 7 மணிக்கு ஸ்டில்ட்ல இருப்பேன். 5 மீட்டர் டேப் என்கிட்ட இருக்கு. நீ சாக்பீஸ் வாங்கி வை. பக்கத்து இடத்து வண்டி நின்னுட்டு இருக்கும்போதே அளக்கணும், எடுக்கச் சொல்லிடாதே.

அண்ணி, 10:29
தண்ணி கேன் நான் எடுத்து வைக்கறேன் மாமா, காலியா இருக்கணுமா?

ஒர்க்‌ஷாப் சித்தப்பா, 10:30
காலி கேனே போதும்மா. மூடி மேல ஒரு சிவப்புத் துணி கட்டிடு, தூரத்துலேர்ந்து தெரியும்.