தம்பிக்குத் தோள்பட்டை இறங்கி ஏத்தியாச்சு: கட்டு எத்தனை நாளுங்க, ஆபரேஷன் இப்பவே வேணுமா?

கோபி_வாய்க்கால்:
வணக்கமுங்க. தம்பிக்கு 19 வயசு, ஊர் கபடி டீம்ல ரைடர். பக்கத்து ஊர் நோம்பி மேட்ச்ல நாலு பேர் புடிச்சு அமுக்குனதுல கையை நீட்டி ஊனி விழுந்து, வலது தோள்பட்டை முன்பக்கமா இறங்கிருச்சு. அங்கேயே ஒருத்தர் இழுத்து ஏத்தறேன்னு வந்தாரு, நாங்க விடல. துண்டுல கையைத் தாங்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். எக்ஸ்ரே எடுத்துட்டு, முழு மயக்கம் குடுக்காம மூட்டுக்குள்ளயே மரத்துப்போற ஊசி போட்டு, பேச்சுக் குடுத்துட்டே மெதுவா ஏத்திட்டாங்க. மறுபடி எக்ஸ்ரே எடுத்து, சரியா உக்காந்திருச்சுன்னு சொல்லி ஸ்லிங் மாட்டி அனுப்பிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததுக்கப்புறம்தான் குழப்பமே. ஏத்திவிட்ட டாக்டர் ஒரு வாரம், மிஞ்சினா ரெண்டு வாரம் ஸ்லிங் போதும், அப்புறம் பயிற்சின்னாரு. அப்புச்சி 45 நாள் அசைக்காம கட்டோணும், எண்ணெய்க் கட்டுக்குப் போலாம்னு ஒரே பிடியா நிக்கறாரு. கோயமுத்தூர்ல பார்த்த இன்னொரு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு கீஹோல் ஆபரேஷனைப் பத்தி யோசிங்கன்னு சொல்றாரு. முதல் தடவைதானுங்க இறங்கியிருக்கு, அதுக்கே ஆபரேஷனா? இன்னொண்ணு, தோளுக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்த மாதிரி இருக்குதுங்கறான். அம்மா ரொம்ப வெசனப்படுறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எலும்பு_டாக்டர்_கோவை:
மைதானத்தில் இழுக்க விடாதது நல்ல காரியம்மா. எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்தால், கூடவே எலும்பு உடைந்திருப்பது தெரியாமல் போய்விடும்.

முதலில் மரத்துப்போவதைச் சொல்லிவிடுகிறேன். அது ஆக்ஸிலரி நரம்பு. தோள் எலும்பின் கழுத்தைச் சுற்றி ஓடுவதால் மூட்டு இறங்கும்போது இழுபடும். பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தானாகத் திரும்பிவிடும். ஆனாலும் அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். தோளை மூடியிருக்கும் டெல்டாய்ட் தசை இறுகுகிறதா என்று அவர் தொட்டுப் பார்ப்பார். முன்னேற்றம் இல்லையென்றால் நரம்புப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். விரல்கள் சில்லிட்டாலோ, நீலம் பாய்ந்தாலோ, அசைக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே ஓடுங்கள். அது ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

மயக்கம் கொடுக்காமல் ஏற்றியதில் குறை ஒன்றும் இல்லை. கோஹர் என்ற டாக்டர் 1870-ல் சொன்ன முறையும், அக்குளில் காலை வைத்து இழுக்கும் பழைய முறையும் போய், இப்போது பலரும் மென்மையான வழிகளைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். குப்புறப் படுக்க வைத்துக் கையில் எடையைத் தொங்கவிடுவது ஒன்று, உட்கார வைத்துத் தசையைப் பிடித்துவிட்டுத் தளர்த்துவது ஒன்று, கையைச் சிறு சிறு அசைவுகளோடு மெல்ல விரித்துக்கொண்டே போவது இன்னொன்று. மூட்டுக்குள் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தைப் போட்டாலே நிறையப் பேருக்குப் போதும். மயக்கத்தின் ஆபத்தும் இல்லை, சீக்கிரம் வீட்டுக்கும் போகலாம்.

45 நாள் கட்டு என்பது அப்புச்சி காலத்தில் ஆஸ்பத்திரியிலேயே இருந்த பழக்கம்தான், அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்து 2010-ல் அலசினார்கள். ஸ்லிங்கை ஒரு வாரத்துக்கு மேல் நீட்டித்ததால் மறுபடி இறங்குவது குறையவில்லை. கையை வெளிப்பக்கம் திருப்பி வைத்துக் கட்டினால் கிழிந்த திசு எலும்போடு ஒட்டி ஆறும் என்று ஜப்பானில் இத்தோய் குழு 2000-களில் நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டது. பின்னால் வந்த சோதனைகளில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. அந்த நிலையில் கட்டிக்கொண்டு தூங்குவதும் கஷ்டம்.

ஆக, உங்கள் உண்மையான கேள்வி கட்டு இல்லை, வயசு. எடின்பரோவில் 15 முதல் 35 வயதுக்குட்பட்ட 252 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. முதல் தடவை இறங்கிய பிறகு 2 வருஷத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் மூட்டு நிலையில்லாமல் போயிருந்தது. 5 வருஷத்தில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதிலும் சின்ன வயசுப் பையன்களுக்குத்தான் அதிகம். உங்கள் தம்பிக்கு வயசு 19, ஆடுவதோ கபடி.

கோபி_வாய்க்கால்:
டாக்டருங்க, அப்படீன்னா ஆபரேஷன் இப்பவே பண்ணிப்போடறதுதான் நல்லதுங்களா?

எலும்பு_டாக்டர்_கோவை:
எல்லாருக்கும் இல்லை. ஆனால் உங்கள் தம்பி மாதிரிப் பையனிடம் அந்தப் பேச்சை முதல் தடவையிலேயே எடுப்பதுதான் இப்போதைய போக்கு. முன்பெல்லாம் இரண்டு, மூன்று தடவை இறங்கட்டும் என்று காத்திருப்போம். தோள் மூட்டு என்பது கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து மாதிரி. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கிண்ணத்தின் விளிம்பும் பந்தின் பின்பக்கமும் இன்னும் கொஞ்சம் தேய்கிறது என்பது தெரிந்த பிறகு காத்திருக்கத் தயக்கமாக இருக்கிறது.

கிண்ணத்தைச் சுற்றி லேப்ரம் என்று ஒரு வளையம், வாஷர் மாதிரி. முன்பக்கம் அது கிழிவதைப் பேங்கார்ட் காயம் என்போம். பந்தில் பின்புறம் விழும் பள்ளம் ஹில்-சாக்ஸ். எம்.ஆர்.ஐ.யில் வளையம் மட்டும் கிழிந்திருந்தால் ஆர்த்ரோஸ்கோபி, அதாவது கீஹோல் வழியாக, எலும்பில் ஆங்கர் என்ற சின்னப் பிடிப்பான் வைத்துத் தைத்துவிடலாம். எலும்பு போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் சி.டி. எடுத்து அளக்க வேண்டும். கிண்ணத்தில் 20 முதல் 25 சதவீதம் எலும்பு போயிருந்தால் வெறும் தையல் நிற்காது. தோள்பட்டை எலும்பின் முன்பக்க நீட்சியான காரகாய்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் வைத்துத் திருகும் லேட்டார்ஜே ஆபரேஷனுக்குப் போவோம். அது 1954-லேயே பிரான்சில் சொல்லப்பட்ட முறை. இப்போது 13.5 சதவீதத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் டாக்டர்களும் இருக்கிறார்கள். பந்துப் பள்ளம் ஆழமாக இருந்தால் தசையை அதற்குள் நிரப்பித் தைப்பதும் உண்டு.

என் அபிப்பிராயம்: எம்.ஆர்.ஐ. எடுங்கள். அவன் கபடியை விடப்போவதில்லை என்றால் ஆபரேஷனுக்குச் சாய்வேன். விளையாட்டே வேண்டாம் என்றால் பயிற்சி செய்து பார்க்கலாம், அவசரமில்லை. இதை உங்கள் தம்பிதான் சொல்ல வேண்டும், அப்புச்சியோ நானோ இல்லை.

சென்னிமலை_தறி:
எங்கப்பாவுக்கு 58. தறிக்குப் பாவு தூக்கிட்டு வரையில வழுக்கி விழுந்து இதே மாதிரி இறங்குச்சுங்க. ஏத்தியாச்சு, ஸ்லிங்கும் கழட்டியாச்சு. ஆனா கையை இன்னும் தோள் மட்டத்துக்குத் தூக்க முடியல. அவருக்கும் மறுபடி எறங்குமுங்களா?

எலும்பு_டாக்டர்_கோவை:
அந்த வயசில் மறுபடி இறங்கும் பயம் குறைவு. பயம் வேறு இடத்தில். 40-ஐத் தாண்டியவர்களுக்கு மூட்டு இறங்கும்போது மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைநார் கிழிவது சகஜம். வலி அடங்கிய பிறகும் கை தூக்க முடியவில்லை என்றால் விறைப்பு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள், இந்த வாரமே அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ பாருங்கள். பெரிய கிழிசலை நாள் தள்ளினால் தசை சுருங்கித் தைப்பது சிரமமாகிவிடும். நரம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சை அதில் வரும் என்று உதவி மேசையில் கேளுங்கள்.

காங்கயம்_தோட்டம்:
இதையும் சொல்லிப்போடறேனுங்க, யாருக்காவது உதவும். எங்க சித்தப்பாவுக்கு மோட்டார் ரூம்ல ஷாக் அடிச்சுது. தோள் வலி, கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியல. முன்னால நின்னு எடுத்த எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. வேற இடத்துல பக்கவாட்டுல எடுத்ததுக்கப்புறந்தான் மூட்டு பின்பக்கமா இறங்கியிருக்கறது தெரிஞ்சுது.

எலும்பு_டாக்டர்_கோவை:
நல்ல வேளை சொன்னீர்கள். ஷாக், வலிப்பு இரண்டிலும் பின்பக்கம் இறங்குவதை நினைத்துப் பார்க்க வேண்டும். நேர்ப் படத்தில் அது எளிதில் தப்பிவிடும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் கையால் ஏற்ற முடியாமல் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டிவரும்.

பிசியோ_ஈரோடு:
கோபித் தங்கச்சி, நான் பிசியோ. தம்பியை இன்னைக்கே விரலையும் மணிக்கட்டையும் முழங்கையையும் அசைக்கச் சொல்லு, ஸ்லிங்குக்குள்ளயே செய்யலாம். சட்டை போடும்போது அடிபட்ட கையை முதல்ல நுழைக்கணும், கழட்டும்போது கடைசியா. மல்லாந்து படுக்கறப்ப முழங்கைக்கு அடியில ஒரு தலகாணி வச்சா ராத்திரி வலி பாதி குறையும். ஸ்லிங் கழட்டினதும் குனிஞ்சு நின்னு கையைத் தொங்கவிட்டு ஆட்டறது, அப்புறம் செவுத்துல அழுத்தற பயிற்சி. பந்து எறியற மாதிரி கையைத் தூக்கி வெளிய மடக்கற நிலை மட்டும் ஆறு வாரத்துக்கு வேண்டவே வேண்டாம், மறுபடி இறங்கறது அந்த நிலையிலதான்.

2024-ல பிரிட்டன்ல ஆர்டிசன்னு ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரே ஒரு தடவை நல்லாச் சொல்லிக் குடுத்து பயிற்சிக் குறிப்பும் குடுத்து அனுப்புனவங்களுக்கும், அதோட சேர்த்து பிசியோ சிகிச்சையும் எடுத்தவங்களுக்கும் ஆறு மாசத்துல பெருசா வித்தியாசம் இல்ல. இதைப் படிச்சுட்டு பயிற்சியே வேண்டாம்னு சில பேர் விட்டுடறாங்க, அது தப்பு. சொல்லிக் குடுத்ததை வீட்ல ஒழுங்காச் செய்யறதுதான் முக்கியம். கோபில இருந்து தினமும் பஸ் ஏறி வரணும்னு இல்ல. ஆபரேஷன் பண்ணிட்டா கதை வேற, அப்ப கட்டாயம் ஒருத்தர் மேற்பார்வை வேணும்.

எண்ணெய்க் கட்டைப் பத்தி அப்புச்சிகிட்ட இப்படிச் சொல்லிப் பாரு: மூட்டு உக்காந்தாச்சு, இனி யாரும் இழுக்கவும் வேண்டாம், அமுக்கி உருவவும் வேண்டாம்.

கோபி_வாய்க்கால்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. முன்பக்கம் வளையம் கிழிஞ்சிருக்கு, பந்துல சின்னப் பள்ளம், எலும்பு பெருசாப் போகலைன்னு சொல்றாங்க. மரத்த எடத்துல இப்பத் தொட்டா கொஞ்சம் தெரியுதாம். தம்பி கபடியை விடமாட்டேங்கறான், அதனால தைக்கறதுன்னு முடிவு பண்ணிருக்கோம். அப்புச்சியும் டாக்டர்கிட்ட நேர்ல வந்து கேட்டுட்டு, சரி சாமின்னுட்டாரு. தைச்சா எப்ப மறுபடி ஆடலாமுங்க?

எலும்பு_டாக்டர்_கோவை:
ஸ்லிங் பொதுவாக 3 முதல் 6 வாரம். கபடிக்கு ஏறக்குறைய 6 மாதம் ஆகும். தேதியைப் பார்த்து அவனை மைதானத்தில் இறக்காதீர்கள். இரண்டு தோளிலும் வலிமை சமமாக இருக்க வேண்டும், கையைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பும்போது 'இறங்கிடுமோ' என்ற பயம் அவனுக்கு வரக் கூடாது. இரண்டையும் சோதித்துப் பார்த்து ஆபரேஷன் செய்த டாக்டர் சரி என்றால் ஆடட்டும். பைக்கும் அதுவரை பின்சீட்டுதான் என்று இல்லை, கை முழுசாக வலியில்லாமல் அசைந்து பிடி வந்ததும் அவரிடம் கேட்டுவிட்டு ஓட்டலாம்.