அசீஸ் மாதிரி ஓர் அதிபர் இன்றைக்கு வர முடியுமா?

மருதானையான்:
கொழும்பு ஸாஹிராக் கல்லூரியை நடத்திய ஏ.எம்.ஏ. அசீஸை "ஸாஹிராவின் பொற்கால அதிபர்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். 1948இல் அவர் உதறிவிட்டு வந்தது இலங்கை சிவில் சேவையை. 1935இல் அதில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்தான். முன்னைய அதிபர் ரி.பி. ஜாயாவுக்குப் பிறகு ஸாஹிரா அதிபர் நாற்காலியில் 1961 வரை 13 வருடம். இப்படி இறங்கி வர இன்றைக்கு எந்த நிர்வாகி இருக்கிறார்?

கொட்டாஞ்சேனை_கணக்கு:
ஆள் இருந்தாலும் கதவு இல்லை நானா. நிர்வாக சேவை வேறு, கல்வி நிர்வாக சேவை வேறு, அதிபர் சேவை வேறு. ஸாஹிரா அப்போது அரசாங்க உதவி பெற்ற பள்ளி, முகாமை வேறு கையில். அதனால்தான் அவரை அழைக்க முடிந்தது.

இன்றைய அரசாங்கப் பள்ளியில் தரம் 1 அனுமதியையே பாருங்கள். கிட்ட வசிப்போர் 50%, பழைய மாணவர் பிள்ளைகள் 25, சகோதரர் 15, கல்வி அமைச்சுப் பணியாளர் 5, இடமாற்றம் 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் 1. கூட்டினால் 100. அதிபருக்கென்று என்ன மிச்சம்? நேர்முகத்தில் அவர் வீட்டு உறுதிப் பத்திரத்தையும் வாக்காளர் இடாப்பையும் புரட்டுகிறார். பிறகு வரைபடத்தில் வீட்டை மையமாக வைத்து வட்டம் போட்டு, உள்ளே விழும் மற்றப் பள்ளிகளுக்காகப் பிள்ளையின் புள்ளியைக் கழிக்கிறார். இந்த வேலைக்கு அசீஸ் எதற்கு, ஒரு கவராயம் போதும்.

வெள்ளவத்தை_கரை:
கவராயம் இல்லாவிட்டால் யாருடைய பிள்ளை உள்ளே போகும் என்று உங்களுக்கே தெரியும். அதை விடுவோம். இரண்டு பேரும் நாற்காலியையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

அசீஸ் 1942இல் யுத்தகால உணவு உற்பத்திக்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனவர். முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியது 1945இல், ஸாஹிராவுக்கு வர மூன்று வருடம் முந்தி. இலவசக் கல்வி வந்ததும் அதே வருடம். அது பள்ளிக் கட்டணத்தைத்தான் தூக்கியது. கல்முனைப் பிள்ளை மட்டக்களப்புக்குப் போய்க் கோச்சி ஏறிக் கொழும்புக்கு வந்தால், தங்குமிடத்துக்கும் சோற்றுக்கும் யார் கொடுப்பது? அந்த ஓட்டையை அடைக்க அதிபர் பதவி தேவைப்படவில்லை.

மருதானையான்:
காசு பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கும், சரி. வந்த பிள்ளைக்குப் படிப்பிப்பது யார்? யாழ்ப்பாணத்துக் கரவெட்டிப் பக்கமிருந்து வந்த தமிழறிஞர் கா. சிவத்தம்பி ஸாஹிராவில் படித்தார், பிறகு அங்கேயே படிப்பித்தார். முஸ்லிம் பள்ளிக்குள் தமிழுக்கு அப்படியோர் இடம் இருந்ததே, அது எந்த நிதியால் வந்தது?

கொட்டாஞ்சேனை_கணக்கு:
1952இலிருந்து அசீஸ் பாராளுமன்ற மேல்சபையான செனற் சபையிலும் இருந்தார், அதையும் எழுதுங்கள். அதிபர் என்றால் பள்ளி விடும்வரை பள்ளியில் இருக்கவேணும் என்பதுதான் என் வாதம்.

வெள்ளவத்தை_கரை:
ஜாயாவும் சட்டசபையில் இருந்துகொண்டே பள்ளியை நடத்தியவர்தான். அதைவிடுங்கள், 1960, 61 சட்டங்களோடு உதவி பெற்ற பள்ளிகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. அசீஸின் கல்விச் சகாய நிதியை ஒருவரும் சுவீகரிக்கவில்லை.

கொட்டாஞ்சேனை_கணக்கு:
அதை ஒத்துக்கொள்கிறேன். வட்டத்தை மட்டும் விடமாட்டேன்.