அவசரம் வந்தால் அடக்க முடியாதது ஏன்? குடல் அழற்சி உள்ள மும்பைத் தமிழர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டோம்பிவிலியிலிருந்து:

என் வீட்டுக்காரருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்சுவரில் அழற்சியும் புண்ணும் வருகிற நோய். லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது என்பது நமக்கெல்லாம் தெரியும். தாணே வருவதற்குள் அவர் முகம் வெளுத்துவிடும், கம்பியைப் பிடித்த கை வியர்த்துவிடும். இறங்கி ஓடுவார். போய் உட்கார்ந்தால் கொஞ்சம் சளி, கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். "இதுக்கா இந்த ஓட்டம்? கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா?" என்று மாமியார் கேட்கிறார். அவரைப் போலக் கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் படம் வரைந்தே விளக்கினார். பெருங்குடலின் கடைசியில் இருக்கிற மலக்குடல், விரிந்து கொடுத்து மலத்தைத் தேக்கி வைக்கிற இடம். இந்த நோயில் அழற்சி பெரும்பாலும் அங்கேதான் தொடங்கி மேலே ஏறுகிறது. வீங்கிய சுவர் விறைத்துப்போய் விரிய மறுக்கிறது. நரம்புகளும் கூசிக் கிடப்பதால், துளி சளி இறங்கினாலே நிறைந்துவிட்ட உணர்வு வந்துவிடுகிறது. போய்விட்டு வந்த பிறகும் பாக்கி இருப்பது போலவே இருக்கும். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தண்ணீராகப் போவதற்குக் காரணம் வேறு. சிறுகுடலிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் பெருங்குடலுக்கு வருகிறதாம். நல்ல குடல் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். புண்பட்ட குடலால் உப்பையும் நீரையும் அப்படி இழுக்க முடிவதில்லை.

செம்பூரிலிருந்து:

அக்கா, எனக்கும் அதே நோய்தான், ஆனால் மலச்சிக்கல்! மலக்குடலில் மட்டும் அழற்சி இருந்தால் இப்படியும் ஆகுமாம். கீழே ரத்தமும் சளியும் அவசரப்படுத்தும். மேலே பெருங்குடலின் ஓட்டம் மந்தமாகி மலம் வலப்பக்கம் தேங்கி நிற்கும். ரத்தத்தைப் பார்த்து மூலம் என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலோனோஸ்கோபி செய்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இப்போது இரவு படுக்கும்போது ஆசனவாயில் வைக்கிற, அழற்சியைக் குறைக்கும் மெசலமைன் மருந்து. புண் இருக்கிற இடத்துக்கே நேராகப் போகிறது. கூச்சப்பட்டு அதை விட்டுவிடாதீர்கள்.

தாராவியிலிருந்து:

என் மகனுக்கு க்ரோன்ஸ் என்ற இன்னொரு வகைக் குடல் அழற்சி நோய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில். நம் நாட்டில் குடல் காசநோயும் அதே இடத்தில் வருவதால் முதலில் அதற்குத்தான் பரிசோதனை செய்தார்கள். அவனுக்கு ரத்தம் போனதே இல்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றின் வலப்பக்கம் முறுக்கும். தட்டைத் தள்ளிவிட்டுக் காலை மடக்கிப் படுத்துக்கொள்வான். க்ரோன்ஸில் அழற்சி குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். தழும்பு விழுந்தால் பாதை குறுகிவிடும். அவனுக்கும் குறுகியிருக்கிறது. அதனால் முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு எதையும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். வயிறு உப்பி, வாந்தியும் எடுத்து, காற்றுகூடப் பிரியாமல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவரச் சொல்லியிருக்கிறார்கள்.

பி12 சத்தையும், கொழுப்பைச் செரிக்க உதவுகிற பித்த உப்பையும் உறிஞ்சுவது அந்தக் கடைசிப் பகுதிதான். அது கெட்டால் பித்த உப்பு பெருங்குடலுக்குப் போய் நீரைச் சுரக்க வைத்துப் பேதியாக்கும். அழற்சி அடங்கிய பிறகும் இவனுக்கு அந்தப் பேதி நிற்கவில்லை. அதற்குத் தனி மருந்து கொடுத்தார்கள்.

டோம்பிவிலியிலிருந்து:

அழற்சி அடங்கியதா இல்லையா என்று எங்களுக்குக் கால்புரோடெக்டின் என்ற மலப் பரிசோதனை எடுக்கிறார்கள். வெள்ளை அணுக்களிலிருந்து வரும் புரதம் அது. அழற்சி கூடினால் அதுவும் கூடும். ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை சாப்பிட்டாலும் ஏறக்கூடும், நோயும் கிளம்பலாம். தலைவலிக்கு எதைப் போட்டாலும் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், ரத்தம் போகும்போது பேதியை நிறுத்தும் லோபரமைட் மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். தீவிர அழற்சியில் பெருங்குடல் அபாயகரமாக வீங்கிவிட வாய்ப்பு உண்டு.