ஐஜிஎஸ்டி விழ வேண்டிய பில்லில் எஸ்ஜிஎஸ்டி: செட்டிங் தப்பா, லெட்ஜர் தப்பா?

கோவை_ஸ்பேர்ஸ்:
பம்ப் உதிரிபாகம் விற்கிறோம். ஒரு வாடிக்கையாளருக்கு ஓசூரிலும் பெங்களூரிலும் தொழிற்சாலை இருக்கிறது. போன மாதம் பெங்களூருக்குப் போன சில பில்களில் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி 18% வராமல், உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டி 9%, எஸ்ஜிஎஸ்டி 9% என்று விழுந்துவிட்டது. மொத்தத் தொகை ஒன்றுதான் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது தங்கள் 2பி-யில் (எந்தெந்த பில்லுக்கு வரி கிரெடிட் உண்டு என்று வாங்கியவருக்கு ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியல்) பில்லே இல்லை என்று பெங்களூர்க்காரர்கள் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டேலி கணக்கு மென்பொருளில் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

பில்_கவுண்டர்:
செட்டிங்கை எல்லாம் தொடாதீர்கள் சார். பில்லைத் திறந்து, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டையும் எடுத்துவிட்டு ஐஜிஎஸ்டி போடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

மாஸ்டர்_காவலன்:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் பார்ட்டி லெட்ஜரில், அதாவது அந்த வாடிக்கையாளரின் கணக்கில், ஜிஎஸ்டி நம்பரின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகா.

கோவை_ஸ்பேர்ஸ்:
33 இருக்கிறது. பெங்களூர் முகவரியை ஷிப் டு-வில் (சரக்கு இறங்கும் இடம்) மட்டும் அடித்திருக்கிறார்கள்.

மாஸ்டர்_காவலன்:
அப்போது மென்பொருள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. வரியைக் கையால் மாற்றினாலும், 33 நம்பர் உள்ள பில் ஓசூரின் 2பி-க்குத்தான் போகும். பெங்களூருக்கு நயா பைசா வரி கிரெடிட் கிடைக்காது.

பில்_கவுண்டர்:
சரி, லெட்ஜரில் 29 என்று மாற்றிவிட்டால் முடிந்தது.

மாஸ்டர்_காவலன்:
அது இதைவிட மோசம். நாளைக்கு ஓசூருக்குப் போடும் பில்லில் ஐஜிஎஸ்டி விழும். பழைய வவுச்சர்களில் பழைய நம்பரே இருக்கும். மாஸ்டர் (லெட்ஜரில் உள்ள அடிப்படை விவரம்) ஒன்று சொல்லும், பில் வேறொன்று சொல்லும். இரண்டு ஜிஎஸ்டி பதிவுக்கு இரண்டு லெட்ஜர் போடுங்கள்.

பில்_கவுண்டர்:
இரண்டு லெட்ஜர் வைத்துத் திண்டாடிய கடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓசூருக்கு வந்த பணத்தை பெங்களூரில் வரவு வைப்பார்கள், நிலுவை இரண்டு பக்கமும் தப்பாக நிற்கும். இன்னொன்று: சரக்கு பெங்களூரில் இறங்கியதாலேயே ஐஜிஎஸ்டி என்று ஆகிவிடாது. ஓசூர் யூனிட் ஆர்டர் கொடுத்து, பெங்களூரில் இறக்கச் சொல்லியிருந்தால், ஐஜிஎஸ்டி சட்டம் 10(1)(பி) படி சப்ளை நடந்த இடம் தமிழ்நாடுதான். அப்படியானால் போட்ட பில் சரியே.

மாஸ்டர்_காவலன்:
10(1)(பி) பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நானே முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நிலுவை விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். சண்ட்ரி டெப்டார்ஸுக்கு (பணம் தர வேண்டியவர்கள் பட்டியல்) கீழே அந்த வாடிக்கையாளர் பெயரில் ஒரு குரூப் போட்டு, இரண்டு லெட்ஜரையும் அதில் வைத்தால் மொத்த நிலுவை ஒரே இடத்தில் தெரியும். கோவை சார், பர்ச்சேஸ் ஆர்டரில் எந்த நம்பர்?

கோவை_ஸ்பேர்ஸ்:
29. பெங்களூர் யூனிட் பெயரில்தான் ஆர்டர்.

மாஸ்டர்_காவலன்:
அப்படியானால் பில் தப்புதான். ஓசூர் நம்பருக்கு கிரெடிட் நோட் (பழைய பில் தொகையைக் கழிக்கும் சீட்டு), பெங்களூர் நம்பருக்கு ஐஜிஎஸ்டியோடு புதுப் பில். ரிட்டர்ன் போட்டு வரி கட்டியாகிவிட்டது என்றால் ஆடிட்டரிடம் சிஜிஎஸ்டி சட்டத்தின் 77ஆம் பிரிவைக் கேளுங்கள். தப்பான தலைப்பில் கட்டிய வரியைத் திரும்பப் பெற வழி இருக்கிறது.

பில்_கவுண்டர்:
லெட்ஜர் திறக்கும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். பில் அடிக்கும் அவசரத்தில் ஆளாளுக்கு மாஸ்டரில் கை வைத்தால் எத்தனை லெட்ஜர் போட்டாலும் இதே கதைதான்.

கோவை_ஸ்பேர்ஸ்:
பெங்களூருக்குத் தனி லெட்ஜர் போட்டுவிட்டேன். கிரெடிட் நோட் விஷயமாக ஆடிட்டரிடம் பேசிவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.